பூட்டுக்கல்

கார்ஸ்பெக், யார்க்‌ஷயர்
1964 ஜனவரி 6

அன்புள்ள ஹெஸ்டர் அக்காவுக்கு,

எல்லிஸ் எழுதுவது. நானும் மேபலும் சௌக்கியம், அவள் முழங்கால் ஒன்றைத் தவிர. பனி விழப்போகிறது என்று வானொலிக்கு முன்னால் அது சொல்லிவிடுகிறது. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே இப்போது வெயில் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு சேதி சொல்லத்தான் உட்கார்ந்தேன். சந்தைச் சதுக்கத்தில் கம்பளி வணிகர் மண்டபம் இருக்கிறதே, சனிக்கிழமை நடனத்துக்கு நீ அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுப் போவாயே, அதே மண்டபம்தான். அங்கே புகைந்துகொண்டிருந்த இரும்பு அடுப்பை எடுத்துவிட்டு மின்சாரக் கணப்பு வைக்கப் போகிறார்களாம். அடுப்பைக் கழற்றிப் பின்சுவரைப் பூசித்தர வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நானும் க்ளெமும் போனோம். க்ளெமை மறந்திருக்க மாட்டாய், என் கல்பட்டறையில் வேலை செய்கிறவன், பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிடுவானே, அவன்தான்.

காரையை ஒரு தட்டுத் தட்டினான். நின்றுவிட்டான். "முதலாளி, இந்தச் சுவர் ஏதோ வேஷம் போட்டுட்டு நிக்குது" என்றான்.

காரைக்குப் பின்னால் செங்கல். செங்கல்லுக்கு மேலே ஒரு பழைய கல்லின் விளிம்பு தெரிந்தது. ஒரு முழம்தான் திறந்தோம், அதற்குள் இருட்டிவிட்டது. ஆனால் அக்கா, அந்த விளிம்பை விரலால் தடவினேன். முப்பத்தைந்து வருஷமாகக் கல்லோடு மாரடிக்கிறேன், இப்படி ஒரு விளிம்பு என் கையில் வந்ததில்லை. இன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
எல்லிஸ்


ஹுவான் பள்ளத்தாக்கு, டாஸ்மேனியா
1964 ஜனவரி 19

எல்லிஸ் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். ரோலண்ட் மரத்துக்கு மரம் போய் ஆப்பிள் பிஞ்சை எண்ணிக்கொண்டிருக்கிறார். மேபலை முழங்காலுக்கு வாத்துக்கொழுப்பு தேய்க்கச் சொல். நாற்றம் தாங்காமல் நீ வேறு அறைக்குப் போய்விடுவாய், அவளுக்கு அதுவே பாதி குணம்.

கல் விளிம்பைத் தடவிவிட்டுச் சாப்பாடு இறங்காத ஆளை நான் உலகத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. கட்டின பெண்டாட்டி மேபலுக்கு இப்படி ஒரு கடிதம் என்றைக்காவது எழுதியிருக்கிறாயாடா? சரி, கோபித்துக்கொள்ளாதே. மீதியையும் திறந்து பார்த்துச் சொல், எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. அந்த மண்டபத்தில் குளிர் நடுக்கியது மட்டும்தான் எனக்கு ஞாபகம். ரோலண்ட் என் கையைப் பிடித்ததே சூடு வரட்டும் என்றுதான்.

இங்கே வேலைக்கு நடுவில் எனக்குக் கிடைக்கிற அமைதி காலை டீ மட்டுமே. முதலில் அம்மா கல்லின் போட்டோவைத் துடைப்பேன், பிறகு குடிப்பேன். நடுவதற்கு முன்னால் பட்டறையில் முழுசாக நிறுத்திவைத்து எடுத்து அனுப்பினாயே, அதுதான். "கெசியா ஐவ்சன். இனியாவது உட்காரம்மா." கல்லறையில் இப்படியெல்லாம் எழுதுவார்களா என்று போதகர் குதித்ததாக நீ எழுதியிருந்தாய். குதிக்கட்டும். சாவுக்கு வர முடியாதவள் கப்பலில் அனுப்பிய வார்த்தை அது. பதின்மூன்று வருஷமாக அம்மா பக்கத்தில் எனக்குப் பதிலாக அதுதான் நிற்கிறது.

அன்புடன்,
ஹெஸ்டர்


கார்ஸ்பெக்
1964 பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். வாத்துக்கொழுப்பு வேலை செய்கிறது. நான் மாடி அறையில் படுக்கிறேன்.

திறந்துவிட்டோம். எப்படிச் சொல்வேன்? சுவருக்குள் விறகு எரிக்கிற பழைய கணப்பு மாடம். கணப்புக்குள் கணப்பு, அதற்குள் இன்னொரு கணப்பு. அந்தந்தக் காலத்து ஆட்கள் குளிர் தாங்காமல் முந்தையதை அடைத்து அடைத்துச் சின்னதாக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் பழையது எட்டடி அகலம். மேலே உத்தரம் மாதிரி ஒரே கல் கிடையாது. அந்தக் காலத்துக் கல்தச்சன் ஏழு கற்களைப் பக்கம் பக்கமாகக் கோத்திருக்கிறான். வளைவு என்று பேர், ஆனால் வளையவே இல்லை, மேசை விளிம்பு மாதிரி நேராகப் போகிறது. ஒவ்வொரு கல்லின் பக்கத்திலும் ஒரு படி வெட்டி, அடுத்த கல்லின் படி அதன்மேல் உட்காருகிறது. ஒன்றை ஒன்று விழவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. என் பேனாக்கத்தியை இணைப்பில் நுழைத்துப் பார்த்தேன். போகவில்லை. மனுஷன் கையா அது.

யார்க்கிலிருந்து பெல்வுட் என்று ஒரு கட்டடக்கலைஞர் வந்தார். இஸ்திரி போட்ட கால்சட்டையோடு கரியில் மண்டியிட்டார். "ஐந்நூற்று நாற்பது வருஷத்துக்குக் கொறையாது" என்றார். மின்சாரக் கணப்பு யோசனை அன்றைக்கே குப்பைக்குப் போனது. இதையே மீட்டு மறுபடி நெருப்பு மூட்ட வேண்டும் என்கிறார், வேலை எனக்குத்தான்.

ஒரு குறை. ஏழில் நடுக்கல், பூட்டுக்கல் என்போமே, அது இல்லை. அந்த இடத்தில் அடுப்புக் குழாய்க்காகச் செங்கல்லை அடைத்திருக்கிறார்கள். செங்கல் சாந்தில் ஒரு பெயர் கீறியிருந்தது. "ஜோப் ஐவ்சன், 1912." நம் அப்பாவேதான் அக்கா. அவர்தான் பூட்டுக்கல்லைப் பிடுங்கியிருக்கிறார். குழாய் போக வழி வேண்டும் என்று யாரோ சொன்னார்கள், செய்தார். அவரை ஏசவும் மனம் வரவில்லை, ஏசாமல் இருக்கவும் முடியவில்லை.

கீழே அடைத்த செங்கல்தான் இப்போது மற்ற ஆறு கற்களையும் தாங்குகிறது. பூட்டுக்கல் இல்லாமல் செங்கல்லை எடுத்தால் ஆறும் நம் தலையில்தான். ஜூன் கடைசிக்குள் கல் கிடைக்காவிட்டால் இரும்பு உத்தரம் கொடுத்து, முன்பக்கம் கல் தகடு ஒட்டிவிடலாம் என்கிறார் பெல்வுட். க்ளெம் பையிலிருந்து பல்செட்டை எடுத்து அவருக்குக் காட்டினான். "இதைத்தான் ஐயா சொல்றீங்க? இதை வெச்சு ஆப்பிள் கடிச்சுப் பாருங்க, தெரியும்" என்றான்.

பக்கத்துக் கற்களை அளந்து, காணாமல்போன கல்லின் உருவத்தை வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். உயரம் இரண்டடி. மேலே அகலம், இரண்டு பக்கமும் தோள், கீழே ஒடுங்கிய கால். அடிப்பக்கம் சிவந்திருக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர் மணற்கல் வருஷக்கணக்கில் நெருப்புப் பட்டால் சிவந்துவிடும். மற்ற ஆறும் அடியில் அப்படித்தான் இருக்கின்றன.

தம்பி,
எல்லிஸ்


ஹுவான் பள்ளத்தாக்கு
1964 பிப்ரவரி 25

எல்லிஸுக்கு,

இங்கே சுகம். அறுவடை தொடங்கிவிட்டது, அதிகம் எழுத நேரமில்லை.

உன் படம் வந்தது. நன்றாக வரைந்திருக்கிறாய். அதை அலமாரி மேல் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன்.

தொலைந்த கல்லைத் தேடி அலையாதே. அப்பா அதை எந்தச் சாலைக்கு உடைத்துப் போட்டாரோ. நீதான் கெட்டிக்காரனாயிற்றே, புதுசாக ஒன்று வெட்டு.

அம்மா கல்லை யாரும் தொடவில்லையே? புல் வெட்டுகிறேன், சுத்தம் செய்கிறேன் என்று யாரையும் கிட்டே விடாதே. அது இருக்கிற மாதிரியே இருக்கட்டும்.

ஹெஸ்டர்


கார்ஸ்பெக்
1964 மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் அத்தானுக்கும் கை வலிக்காமல் அறுவடை முடியட்டும். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அம்மா கல்லைப் பற்றி ஏன் திடீரென்று கேட்டாய் என்று எனக்குப் புரியவில்லை. போன ஞாயிறு அன்னையர் ஞாயிறு. வழக்கம்போல வயலட் பூக் கொண்டுபோனேன். மேபல் உலர்பழக் கேக் செய்திருந்தாள், நம் பங்கை அங்கேயே உட்கார்ந்து தின்றேன். மழையில் கல்லடி மண் கரைந்திருந்தது. சரி செய்யலாம் என்று கையால் ஒரு சாண் தோண்டினேன். பிறகு மூடிவிட்டேன். கல் நன்றாக இருக்கிறது.

புதுக் கல் வெட்டத் தொடங்கிவிட்டேன். முதல் கல் வீண். தோளில் ஒரு மயிரிழை அதிகமாக எடுத்துவிட்டேன். க்ளெம் டீ போட்டுக் கொடுத்தான். அவன் டீ போட்டுக் கொடுத்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம். இரண்டாவது கல்லுக்கு நாளை குவாரிக்குப் போகிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

எல்லிஸ்


கார்ஸ்பெக்
1964 ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையா? அத்தானாவது இரண்டு வரி எழுதக் கூடாதா? ஆப்பிள்தான் காரணம் என்று மேபல் சொல்கிறாள், நானும் தலையாட்டுகிறேன்.

மூன்றாவது கல் சரியாக வந்துவிட்டது. பெல்வுட் கையைக் குலுக்கினார். "பழைய கல்லு ஒருவேளை எங்கயாவது கெடக்குதா மிஸ்டர் ஐவ்சன்? விசாரிச்சீங்களா?" என்றார். "இல்லைங்க" என்றேன். ஞாயிறுதோறும் சபையில் முதல் வரிசையில் உட்காருகிறவன் நான். அன்றைக்கு வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டேன். அந்தப் பொய் தொண்டையில் நிற்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

கல் கிடைத்துவிட்டது அக்கா. அம்மா தலைமாட்டில் நிற்பதுதான் அது.

அம்மா போனபோது கல் வாங்கப் போகவில்லை. பட்டறைக் கோடியில் சாக்குக்கு அடியில் ஒன்று கிடந்தது. நல்ல கல்லை நம் வீட்டில் யார் தூக்கிப்போட்டார்கள்? தோளும் காலும் வெட்டியிருந்ததைப் பார்த்து, அப்பா யாருக்கோ கல்லறைக் கல் செய்து பாதியில் விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். கால் மண்ணுக்குள் போக, தோள் மண்மேல் உட்கார, சாயவே சாயாது, என்ன புத்திசாலித்தனம் என்று அப்பாவை மெச்சிக்கொண்டேன். கால் சிவந்திருந்ததைக் கண்டு கல்லில் இரும்புச்சத்து என்று முடிவு கட்டினேன். கல்தச்சன் அல்லாத எவனும் இப்படி ஏமாந்திருக்க மாட்டான். அவன் 'இது என்ன' என்று யாரிடமாவது கேட்டிருப்பான். எனக்கு எல்லாம் தெரியுமே. முகப்புப் பக்கத்தைத் தொடாமல், பின்பக்கத்தைச் சமமாக்கி உன் வார்த்தையை வெட்டி நட்டுவிட்டேன்.

அன்னையர் ஞாயிறு அன்று தோண்டியபோது விரலில் சிவப்புத் தெரிந்தது. ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை, மேபலைத் தவிர. அந்தக் கல் உன்னுடையது. நீ சொல்லாமல் தொட மாட்டேன். புதுக் கல் தயாராக இருக்கிறது, அதை வைத்துவிடுகிறேன். உனக்கு உண்மை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எல்லிஸ்


ஹுவான் பள்ளத்தாக்கு
1964 மே 3

எல்லிஸ்,

நானும் ரோலண்டும் உயிரோடுதான் இருக்கிறோம். ஆப்பிள் முடிந்தது.

எனக்குப் பிப்ரவரியிலேயே தெரியும். உன் படத்தைப் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்த அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. அதே தோள், அதே கால். பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிற எனக்குத் தெரிந்தது, பக்கத்தில் இருக்கிற உனக்குத் தெரியாமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சபையில் நீ முதல் வரிசை என்றால் நான் வாசலுக்கு வெளியே.

தொடக் கூடாது. அது அங்கேயே இருக்கட்டும், எல்லிஸ். அம்மா செத்த தந்தி வந்தபோது நான் பெட்டிக்கு ஆப்பிள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கி முடித்தேன். என்ன செய்வது, கப்பலுக்கு ஆறு வாரம், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அழக்கூட எனக்கு அங்கே இடமில்லை. நீயும் மேபலும் அவளைக் குளிப்பாட்டினீர்கள், தூக்கினீர்கள், மண் போட்டீர்கள். எனக்குக் கிடைத்தது அந்த இரண்டு வார்த்தை. அதையும் பிடுங்கி எவனோ ஒரு கம்பளி வியாபாரி குளிர்காய்ந்த சுவரில் செருகப் போகிறாயா? வேறு கல்லில் அதே வார்த்தையை வெட்டுவேன் என்பாய். தெரியும். அது இதாகாது.

நீ கேட்காமல் விட்டதில்தான் எனக்கு இன்னும் கோபம். 'கொடு' என்று கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஹெஸ்டர்


கார்ஸ்பெக்
1964 மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பதே போதும். உன் கடிதத்தை மேபலுக்குப் படித்துக் காட்டினேன். அவள் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

சரி. கல் அங்கேயே இருக்கும். அடுத்த மாதம் 22ஆம் தேதி புதுக் கல்லை ஏற்றுகிறோம். இனி இதைப் பற்றிப் பேச மாட்டேன்.

இந்த ஒன்றைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். "அக்காவும் தம்பியும் மறைச்சு மறைச்சு இளைச்சுட்டீங்க, எழுதித் தொலைங்க" என்று மேபல் சொன்னாள். அதனால் எழுதுகிறேன், உன் மனதை மாற்ற அல்ல.

புதுக் கல்லைப் பொருத்திப் பார்க்கும்போது பக்கத்துக் கற்களின் படியைத் துடைத்தேன். யாரும் பார்க்காத இடம், உள்ளே இணைப்புக்குள். இடதுபுறக் கல்லில் மீன்முள் மாதிரி ஒரு கீறல். வலதுபுறத்தில் மூன்று கோடு. எந்தக் கல்லுக்கு எது ஜோடி என்று வேலைக்காரன் போட்டுக்கொண்ட அடையாளம். அம்மா கல்லின் தோளுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு தோளில் மீன்முள், மறுதோளில் மூன்று கோடு. அவன் பெயர் என்ன, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. தரையில் வைத்து ஏழையும் கோத்துப் பார்த்து, அடையாளம் போட்டு, அப்புறம்தான் மேலே ஏற்றியிருக்கிறான். என் மூன்றாவது கல் நன்றாகத்தான் இருக்கிறது, பெல்வுட்டுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். அதன் இணைப்பில் என் பேனாக்கத்தி கால் அங்குலம் போகிறது. என்னைவிட அவன் பெரிய ஆள் அக்கா. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

தம்பி,
எல்லிஸ்


ஹுவான் பள்ளத்தாக்கு
1964 ஜூன் 2

எல்லிஸ் தம்பிக்கு,

இங்கே குளிர்காலம் வந்துவிட்டது. ரோலண்டுக்குச் சளி, சாகப்போகிறவர் மாதிரி படுத்திருக்கிறார். எனக்கு ஒன்றுமில்லை.

கல்லை எடு.

ஒரு வாரம் உன்னைத் திட்டினேன். பிறகு அந்த மீன்முள்ளை நினைத்தேன். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஒருவன் சரியாகச் செய்திருக்கிறான். நானோ எல்லோரும் பார்க்கிற இடத்தில் இரண்டு வார்த்தையை நிறுத்திவிட்டு, வேலை முடிந்தது என்று இங்கே இருந்துகொண்டேன். போன வருஷம் வந்திருக்கலாம். அதற்கு முந்தின வருஷமும் வந்திருக்கலாம். ஆப்பிள் என்றேன், மழை என்றேன், ரோலண்டைத் தனியாக விட முடியாது என்றேன். எல்லாம் சாக்கு. அம்மாவின் மண்ணைப் பார்க்கப் பயம். அந்தக் கல் எனக்குப் பதிலாக நிற்கிறது, நான் எதற்கு என்று இருந்துவிட்டேன். ரோலண்டிடம் இதைச் சொன்னேன். "இது எனக்குப் பத்து வருஷமாத் தெரியும் ஹெஸ்டர்" என்றார். சளியோடு இருக்கிற ஆள் என்பதால் விட்டேன்.

எழுத்து இருக்கிற பக்கம் நெருப்பைப் பார்த்து இருக்கட்டும். கரி படிந்து மறையும், படியட்டும். உட்காரம்மா என்று எழுதினோம், குளிர்ந்த மண்ணில் நிற்கவைத்தோம்.

பெல்வுட்டிடம் உண்மையைச் சொல்லிவிடு. உன் தொண்டையும் சரியாகும்.

அக்கா,
ஹெஸ்டர்


கார்ஸ்பெக்
1964 ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்குச் சளி விட்டதா? எங்களுக்குக் குறையில்லை.

உன் கடிதம் வந்த அன்றே பெல்வுட்டிடம் சொன்னேன். பொய் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். கல்லைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். "உங்க அம்மாவா?" என்றார். ஆமாம் என்றேன். "என்னை விட்டுடுங்க ஐவ்சன், நீங்களே எடுங்க" என்று தள்ளி நின்றார். போதகரிடம் கேட்டுத்தான் செய்தோம். நானும் க்ளெமும் இன்னும் இரண்டு பேரும் தூக்கினோம். கம்பளியில் சுற்றித்தான் வண்டியில் ஏற்ற வேண்டும் என்று மேபல் பிடிவாதம் பிடித்தாள். சுற்றினோம்.

22ஆம் தேதி ஏற்றினோம். சுண்ணாம்புச் சாந்தைப் பால் மாதிரி கரைத்துத் தடவி, கப்பியில் இறக்கினோம். மீன்முள்ளுக்கு மீன்முள், கோட்டுக்குக் கோடு. தட்டவே இல்லை. தன் கனத்திலேயே இறங்கிப் போய் உட்கார்ந்தது. பேனாக்கத்தியை எடுத்தேன், க்ளெம் என் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம் முதலாளி, செஞ்சவனுக்கு மரியாதை கொடுங்க" என்றான். கத்தியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சாந்து இறுகப் பன்னிரண்டு நாள் விட்டோம். நேற்றுதான் செங்கல்லை எடுத்தோம். ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக. கடைசிச் செங்கல்லை நான் எடுத்தேன். மேலிருந்து ஒரு சிட்டிகை மணல் விழுந்தது. பெல்வுட் கண்ணை மூடிக்கொண்டார். வளைவு ஒரு முடி அளவு இறங்கியது, உள்ளே எங்கோ மெதுவாக ஒரு 'டக்'. பிறகு அசையவில்லை. எட்டடி அகலத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை அக்கா, வெறும் காற்று, மேலே ஏழு கல் நேராக நிற்கின்றன. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய அந்த ஆளை நினைத்துக்கொண்டேன், அப்பாவையும் நினைத்துக்கொண்டேன். பிடுங்கினாரே தவிர, உடைக்கவில்லை, சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். அதற்காக அவரை மன்னித்துவிட்டேன்.

ஜூலை மாதத்தில் நெருப்பு மூட்டிய ஊர் நம் ஊர்தான். முதலில் புகை முழுக்க மண்டபத்துக்குள் வந்தது, எல்லோரும் இருமினார்கள். அப்புறம் புகைபோக்கி சூடாகி இழுக்கத் தொடங்கியது. மண்டபத்தில் எள் விழ இடமில்லை. மறுபக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தூக்கிய எங்கள் சிலரைத் தவிர யாருக்கும் தெரியாது. கிழவிகளெல்லாம் யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே போய் உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு நான் வெளியே போய்விட்டேன்.

அம்மாவுக்கு என் மூன்றாவது கல்லை நட்டிருக்கிறேன். வளைவுக்குப் போதும் என்று பெல்வுட் கையைக் குலுக்கிய கல்தான், அதை அம்மாவுக்குக் கொடுக்க எனக்கு வெட்கமில்லை, அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது. அதில் ஒரு எழுத்தும் வெட்டவில்லை. பெயர்கூட இல்லை. பழைய வார்த்தையையே வெட்டட்டுமா, வேறு ஏதாவதா? கடிதத்தில் எழுத வேண்டாம். எனக்கு அவசரமில்லை, கல்லுக்கும் இல்லை.

உன் தம்பி,
எல்லிஸ்


ஹுவான் பள்ளத்தாக்கு
1964 ஜூலை 20

எல்லிஸ் தம்பிக்கு,

ரோலண்ட் எழுந்து நடமாடுகிறார், தானே சமைத்துக்கொள்ளவும் பழகிக்கொண்டிருக்கிறார். இதுவரை இரண்டு சட்டி தீய்ந்துவிட்டது.

கப்பல் செப்டம்பர் 3 புறப்படுகிறது. அக்டோபர் நடுவில் டில்பரி துறைமுகம். அங்கிருந்து ரயில்.

கல்லில் என்ன வெட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன், எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவள் பக்கத்தில் போய் நின்றால்தான் தெரியும். உளியை மட்டும் தீட்டி வை.

ஸ்டேஷனுக்கு வராதே, மேபலையும் அனுப்பாதே. பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு நேராக அம்மாவிடம் போகிறேன். அப்புறம் வீட்டுக்கு வருகிறேன். கொஞ்சம் நேரமாகும், சாப்பிடக் காத்திருக்க வேண்டாம்.

அக்கா